மூன்றாவது ஓட்டம்

எனக்கு இயற்பியல்காரர்களைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் கணக்குப் பாடம் நடத்துகிறவன். எனக்குச் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ‘இவ்வளவு கூட இருக்கலாம், இவ்வளவு குறையவும் இருக்கலாம்’ என்று ஒரு வாலைக் கட்டிவிட்டு அதற்குப் பெருமையும் படுகிற கூட்டம் அது என்று பத்து வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அந்த வாலுக்காக ஒரு பெண் தனக்கு வந்த ஒரே நல்ல வாய்ப்பைக் கையைவிட்டுப் போக விட்டதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். அதற்கப்புறம் கிண்டலை நிறுத்திவிட்டேன்.

அவர் பெயர் வெண்மதி. தருமபுரியில் ஒரு கலைக் கல்லூரியில் அவரும் நானும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரோடு சரி. ஜூன் மாதம் வந்தால் மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. நான் ஏரியூரிலிருந்து வருகிறேன், அவர் பாப்பாரப்பட்டியிலிருந்து. ஆசிரியர் அறையில் மூன்று மின்விசிறி உண்டு, ஓடுவது ஒன்றுதான். அதற்குக் கீழே எங்கள் இரண்டு பேர் மேசையும் ஒட்டிக் கிடக்கும். பழக்கம் அப்படி வந்ததுதான்.

அவருடையது தக்காளியும் ராகியும் போடுகிற குடும்பம். அப்பா மாதையன், மகள் பி.எட். முடித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் போதும் என்று இருந்தவர். வெண்மதி எம்.எஸ்சி. முடித்த கையோடு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தேர்வெழுதி, இடமும் வாங்கி, அப்புறம்தான் வீட்டில் வாயைத் திறந்திருக்கிறார். மாதையன் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மொரப்பூர் ரயில் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டிருக்கிறார்.

சென்னையில் ஏழு வருடம். அங்கே இவர் உட்கார்ந்த அறையிலேயே முதசிர் என்று ஒருவர். தருமபுரி டவுன்காரர். அவருடைய அப்பா பீரோ செய்து விற்கிற கடை வைத்திருந்தார். ஊர்ப்பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். பட்டம் வாங்கியதும் முதசிர் பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்குத் தற்காலிக வேலையில் போனார். வெண்மதி, பாப்பாரப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற குமாரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கே வந்துவிட்டார். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை மட்டும் நிற்கவில்லை. இவர் எங்கள் ஆசிரியர் அறையில் மடிக்கணினியைத் திறப்பார், அவர் பெங்களூரில் திறப்பார், கணக்கைப் போடுகிற ராட்சசக் கணினி வேறொரு ஊரில் இருந்தது.

அது என்னதான் கணக்கு என்று ஒருநாள் நான் கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்கு எனக்கு அடுத்த வகுப்பு இல்லை, மாட்டிக்கொண்டேன்.

அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் கரு சிதறுவதில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பதற்குப் பெயர் வலிய விசை. அந்தப் புரோட்டானுக்குள்ளேயும் குவார்க் என்று மூன்று இருக்கின்றன. அவற்றையும் பிடித்து வைத்திருப்பது இதே விசைதான். இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் தூரம் கூடினாலும் பிடி தளராது. தனியாக ஒரு குவார்க்கை இதுவரை யாரும் கண்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், மூன்று குவார்க்கின் எடையையும் கூட்டினால் புரோட்டானின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மிச்சமெல்லாம் அந்தப் பிடிக்குள் அடங்கிக் கிடக்கிற ஆற்றல். “உங்க எடை எழுபது கிலோன்னா சார், அதுல அறுபத்தொம்பது கிலோவுக்கு மேல அந்த விசைதாங்க” என்றார். நான் எண்பத்திரண்டு கிலோ என்பதைச் சொல்லவில்லை.

இந்த விசையைத் தாளில் எழுதி விடை காண முடியாதாம். மெலிந்த விசையாக இருந்தால் முதலில் பெரிய பங்கு, அப்புறம் சின்னப் பங்கு, அதைவிடச் சின்னது என்று கூட்டிக்கொண்டே போய், போதும் என்று ஓரிடத்தில் நிறுத்திவிடலாம். இங்கே அடுத்தடுத்து வருகிற பங்கு குறைய மாட்டேன் என்கிறது. அதனால் இடத்தையும் காலத்தையும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் கோட்டிலும் விசையின் நிலையை எண்களாக எழுதுகிறார்கள். கணினி அந்த எண்களைக் குலுக்கிக் குலுக்கி, வெற்றிடம் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்பதற்கு ஒவ்வொரு மாதிரியாக உண்டாக்கிக்கொண்டே போகும். நூற்றுக்கணக்கான மாதிரிகளில் அளந்து சராசரி எடுத்தால் அதுதான் விடை. மாதிரிகள் கூடக்கூட விடையின் வால் குறையும்.

கணக்கு வாத்தியாருக்கு இது புரியாது என்று நினைத்தாரோ என்னவோ, பாப்பாரப்பட்டி சந்தையைக் கொண்டுவந்தார். இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று ஒரு ஆளைக் கேட்டால் நம்ப முடியாது. நாற்பது பேரைக் கேட்டுச் சராசரி எடுத்தால் நம்பலாம். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதில்தான் நம்பிக்கையே இருக்கிறது. இதை எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நாற்பது பேர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

வெண்மதியும் முதசிரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். புரோட்டானும் நியூட்ரானும் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்கின்றன. நம் உடம்பில் எங்குமே இல்லாத, ரொம்பக் கனமான குவார்க்குகளால் ஆன இரண்டு துகள்களைப் பக்கத்தில் வைத்தால் அவை ஒட்டுமா, ஒட்டாதா? உலகத்தில் யாராவது பரிசோதனையில் தேடுவதற்கு முன்னால் கணக்கில் சொல்லிவிட வேண்டும். நாலு வருடம் இதற்காகவே போனது.

இந்தக் கணக்கில் ஒரு சின்னச் சடங்கு உண்டு. கணினியால் உண்மையில் எதையும் குலுக்க முடியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து குலுக்கின மாதிரியே எண்களைக் கொட்டும். அதற்கு ‘விதை’ என்று பெயர். வேறு விதை கொடுத்தால் வேறு குலுக்கல். அதே விதையைக் கொடுத்தால் அச்சுப் பிசகாமல் அதே குலுக்கல். இவர்கள் ஒரே தொடக்க நிலையிலிருந்து கணினியை நாலு தடவை ஓட விடுவது, அதாவது நாலு ஓட்டம் என்று முடிவு செய்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதை. வெண்மதி என்ன செய்வார் என்றால், அன்றைக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டின் எண்ணையே விதையாகப் போட்டுவிட்டு, அந்த டிக்கெட்டை டைரியில் ஒட்டி வைப்பார். முதசிருக்கு இதில் ஒரே சிரிப்பு. ‘அந்த வரி உங்க டிக்கெட், அதுல நான் கை வைக்க மாட்டேன்’ என்பாராம். கணினிக்குக் கொடுக்கிற கோப்பில் மற்ற எந்த வரியையும் மாற்றுவார், விதை வரியை மட்டும் தொட மாட்டார். அவர் விடுகிற ஓட்டங்களுக்கும் வெண்மதிதான் எண்ணைப் போட்டு அனுப்புவார். அவர்களுக்குள் அது ஒரு மரியாதை.

முதல் இரண்டு ஓட்டத்தை வெண்மதி விட்டார். அத்தோடு அந்த ராட்சசக் கணினியில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த நேரம் தீர்ந்துவிட்டது. மூன்றாவதையும் நாலாவதையும் முதசிர் தன் பெயரில் விடுவதாக ஏற்பாடு. கோப்பை அனுப்பின அன்றைக்கு வெண்மதி விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். ஒரு கட்டு முடித்து அடுத்த கட்டுக்குப் போகிற இடைவெளியில், ஃபோனிலேயே அனுப்பினார். எனக்கு எதிர்ப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கோப்பு போய்ச் சேர்ந்தது, ஓட்டம் இரண்டும் ஓடின.

பிறகு முதசிருக்குக் கணையத்தில் புற்று என்று கண்டுபிடித்தார்கள். நாற்பது வயது. பெங்களூரில் மூன்று மாதம் பார்த்துவிட்டு, இனி ஊருக்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தருமபுரி ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தார். மார்ச் மாதம் ஒருநாள் ஆசிரியர் அறையில் வெண்மதிக்கு அவரிடமிருந்து ஃபோன் வந்தது. அவர் பேசினது என் காதில் விழவில்லை. இவர் சொன்னது விழுந்தது.

“அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. மொதல்ல ஒடம்பப் பாருங்க.”

ஃபோனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த நிலைமையிலும் மனுஷன் வேலையைப் பற்றியே பேசுகிறார் என்றார். நீங்கள் சொன்னதுதான் சரி, நோயாளியை அதிகம் பேச விடக் கூடாது என்று நானும் ஒத்து ஊதினேன். ஒன்பது நாள் கழித்து முதசிர் போய்விட்டார். வெண்மதி கல்லூரிக்கு வந்து, வகுப்பெடுத்து, மேசையில் உட்கார்ந்தாலும், ஒரு வாரம் மடிக்கணினியைத் திறக்கவில்லை.

நாலு ஓட்டத்தின் மாதிரிகளையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் போட்டதில் விடை வந்தது. ஒட்டும். ஒட்டுகிற பலம் விடையின் வாலைப்போல நாலு மடங்கு இருந்தது. அவர்கள் உலகத்தில் அது பெரிய விஷயமாம். ஜூன் மாதம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. இரண்டே பெயர்கள், வெண்மதி, முதசிர். முதசிரின் மனைவி உமைரா அதன் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு முன்னறைச் சுவரில் மாட்டினார். நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிற, நிதானமான பெண். அவருக்கு ஒரே ஒரு சங்கடம். கணவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிலுவை மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அது என்னக்கா என்று வெண்மதியிடம் கேட்டிருக்கிறார். இறந்துபோனவர் என்பதற்கு அந்தப் பத்திரிகைகளில் போடுகிற அடையாளம் அது, வேறொன்றுமில்லை என்று வெண்மதி சொன்னார். சரிக்கா என்று உமைரா விட்டுவிட்டார்.

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் நவம்பரில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வேறு மாநிலத்தில் பெரிய ஆராய்ச்சி நிறுவனம், நிரந்தர வேலை, வயது வரம்பு நாற்பது. வெண்மதிக்கு ஜனவரியில் நாற்பது முடிகிறது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. குமார் கடையை அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளவும் தயார் என்று சொல்லிவிட்டார். எங்கிருந்தாலும் மோட்டார் எரியத்தானே செய்யும் என்றாராம். அழைப்புக் கடிதத்தை வெண்மதி என்னிடம் காட்டினார். உள்ளபடியே சொல்கிறேன், எனக்கு வயிற்றெரிச்சலும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

நேர்காணலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், அங்கே காட்டுவதற்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தார். அதுவரை நாலு ஓட்டத்தையும் ஒன்றாகக் கொட்டித்தான் பார்த்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று முதல்முறையாக நாலையும் தனித்தனி நிறத்தில் கோடாகப் போட்டார். உடனே மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

“சார், இதுல எத்தன கோடு தெரியுதுங்க?”

இரண்டு என்றேன். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.

“நாலு போட்டிருக்கறனுங்க.”

பச்சையை அழித்தார். அடியில் நீலம் இருந்தது, அதே மேடு, அதே பள்ளம். நீலத்தை அழித்தார். அடியில் கறுப்பு. எண்களைத் திறந்து வரிவரியாக ஒப்பிட்டார். கடைசி இலக்கம்வரை ஒன்றே. அப்புறம் டைரியை எடுத்தார். முதல் ஓட்டத்துக்கு ஒரு டிக்கெட் ஒட்டியிருந்தது, இரண்டாவதற்கு ஒரு டிக்கெட். அடுத்த பக்கம் வெறும் பக்கம். இரண்டாவது ஓட்டத்தின் விதையை மாற்றாமலே மூன்றாவதற்கும் நாலாவதற்கும் அனுப்பியிருக்கிறார். இவர் மாற்றியிருப்பார் என்று முதசிர் அந்த வரியைத் தொடவில்லை. அவர் வழக்கம்போலத் தொடாமல் இருந்தார், இவர் வழக்கத்தை விட்டுவிட்டார்.

சந்தையில் நாற்பது பேரைக் கேட்டோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. கேட்டது இருபது பேரைத்தான். அதில் பத்துப் பேரை மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் தற்செயலாக விலையைக் கூட்டிச் சொன்னவர்கள்.

திங்கட்கிழமைக்குள் திருத்திக் கணக்குப் போட்டுவிட்டார். நாலு மடங்கு இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டு மடங்கை வைத்துக்கொண்டு ஒட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்களாம். ஒட்டாது என்றும் சொல்ல முடியாது. ‘தெரியவில்லை’ என்று சொல்லலாம். நாலு வருடத்து வேலைக்கு விடை தெரியவில்லை.

நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். நேர்காணல் முடிகிறவரை வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றேன். வேலை ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் நிதானமாகத் திருத்தம் எழுதுங்கள், வானம் இடிந்து விழுந்துவிடாது. அதற்கு அவர் தலையை ஆட்டினார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதும் நாலாவதும் முதசிர் பெயரில் ஓடியதுதானே, அப்படியே எழுதிவிடுங்கள், உங்கள்மேல் ஏன் வருகிறது என்றும் கேட்டேன். அந்த மனுஷனுக்கு இனி வேலையும் வேண்டாம், பேரும் வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது, ஆனால் சொன்னேன்.

வெண்மதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

“அப்படி எழுதுனா பொய் இல்லீங்க சார். அவரு பேருலதான் ஓடுச்சு. ஆனா உமைரா வூட்டுச் செவுத்துல அது தொங்குதுங்க. அவரு தப்புப் பண்ணிட்டாருன்னு அந்தப் புள்ள நெனச்சுக்கிட்டே அதப் பாக்கோணும். என்னால முடியாதுங்க” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு இந்த வாரமே எழுதப் போவதாகவும், அதற்கு முன்னால் உமைராவிடம் நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னார். குமார் ஒகேனக்கல்லில் ஒரு பம்புசெட் வேலைக்குப் போயிருந்தார். தனியாகப் போகத் தெம்பு இல்லை, நீங்கள் கூட வாருங்கள் சார் என்றார். நான் பேசின பேச்சுக்கு அது எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பீரோ கடைக்குப் பின்னால்தான் வீடு. தகரத்தைத் தட்டுகிற சத்தம் முன்னறைவரை கேட்டது. சுவரில் அந்தக் கட்டுரை மாட்டியிருந்தது. உமைரா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வெண்மதி சுற்றி வளைக்கவில்லை. சந்தைக் கதையைத்தான் அங்கேயும் சொன்னார், நாற்பது பேர், இருபது பேர். விதை, டிக்கெட், தான் மாற்றாமல் அனுப்பினது, எல்லாவற்றையும் சொன்னார். இந்தக் கட்டுரை இனிமேல் செல்லாது என்று நாங்களே எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்றார். நான் டீயைத் தொடவில்லை.

உமைரா நேரே அதைத்தான் கேட்டார்.

“இது அவரு பண்ணுன தப்பாக்கா?”

“இல்லம்மா. நம்பர் போட வேண்டியது நானு. போட்டேனான்னு பாக்க வேண்டியதும் நானு.”

உமைரா சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். வரவே நேரமாயிற்று. அழுகிறாரோ என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பி வந்தபோது கையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் முதசிர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த நோட்டு.

“எட்டு மாசமா இதக் கேக்கோணும் கேக்கோணும்னு இருக்கறங்க்கா. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அவரு கடைசியா எழுதுனது இதுதான். உங்க பேரு இருக்குது.”

பக்கத்தைத் திறந்து கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இரண்டு எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, இரண்டும் ஒரே எண், புள்ளிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து இலக்கம்வரை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே தமிழில் ஒரே வரி. ‘மூன்றாவது ஓட்டம் – வெண்மதியிடம் கேட்க வேண்டும்.’

வெண்மதி நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மார்ச் மாதம் வந்த அந்த ஃபோன்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்கிறது. அன்றைக்கு முதசிர், ‘வெண்மதி, அந்த மூணாவது ஓட்டம் இருக்குதில்ல’ என்றுதான் ஆரம்பித்தாராம். அதற்குமேல் இவர் பேச விடவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. சொன்னதோடு சரி, பார்க்கவில்லை. இதை உமைராவிடம் சொல்லும்போது முதல்தடவையாக அழுதார். நாற்பதைத் தொடப்போகிற பெண், ஒரு கல்லூரி ஆசிரியை, அந்த நோட்டின்மேல் குனிந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார். பக்கத்துக் கடையில் தகரம் தட்டுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

உமைரா அழவில்லை. நோட்டை வாங்கி, அந்த ஒரே மாதிரியான இரண்டு எண்களின்மேல் விரலை வைத்தார்.

“அப்ப அவரு இதக் கண்டுபுடிச்சுட்டாரா?”

“ஆமாம்மா. எனக்கு எட்டு மாசம் முன்னாடியே கண்டுபுடிச்சுட்டாரு. படுத்த படுக்கையில.”

உமைரா தலையசைத்தார். எங்கள் டீ ஆறிவிட்டது என்று வேறு டீ போட்டுக்கொண்டுவந்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வெண்மதி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எட்டு வரிதான். என்ன நடந்தது, எந்த விதை, எந்த ஓட்டங்கள், திருத்திய விடை என்ன, ஆகையால் கட்டுரையின் முடிவு நிற்காது. கடைசிக்கு முந்தின வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார். இந்தப் பிழையை முதலில் கண்டறிந்தவர் முதசிர், அவர் கேட்க வந்ததைக் கட்டுரையின் மற்ற ஆசிரியர் கேட்டுக்கொள்ளவில்லை, தவறு அந்த ஆசிரியருடையது. இவ்வளவு வேண்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

நேர்காணலுக்கும் போனார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்பதைத்தான் முதலில் சொன்னாராம். எதிரில் இருந்தவர்கள் நல்ல விதமாகவே நடந்துகொண்டார்கள், ஒருவர் எழுந்து கைகூடக் கொடுத்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஜனவரியில் நாற்பது முடிந்தது. குமார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று வெண்மதி சொன்னபோது, அந்த மனுஷன்மேல் எனக்கு ரொம்ப மரியாதை வந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. அவர் இன்னும் எனக்குப் பக்கத்து மேசைதான். ஓடுகிற மின்விசிறி அதேதான். புது விதைகள் போட்டு, கிடைக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிக்கெட்டை ஒட்டினபிறகு டைரியை என்னிடம் நீட்டுவார். நான் கோப்பில் இருக்கிற எண்ணையும் டிக்கெட்டில் இருக்கிற எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இயற்பியல்காரர்களைப் பிடிக்காத ஒருவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம். போன மாதம் விடை எங்கே நிற்கிறது என்று கேட்டேன். இரண்டரை மடங்கு, இன்னும் தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியாமலே போய்விடலாம் சார் என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது, கலக்கம் இல்லை.

இந்த ரம்ஜானுக்கு உமைரா எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். முன்னறையில் போய் உட்கார்ந்ததும் என் கண் சுவருக்குத்தான் போயிற்று. பழைய கட்டுரை அங்கே இல்லை. அதே இடத்தில், அதே கண்ணாடிக்குள், பத்திரிகையில் வந்த அந்த எட்டு வரி இருந்தது. முதசிர் பெயர் வருகிற வரியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறி எதுவும் இல்லை, பெயர் மட்டும் இருந்தது. கட்டுரையை வாபஸ் வாங்கின அறிவிப்பைக் கண்ணாடி போட்டு மாட்டுகிற வீடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, பிரியாணித் தட்டை என்னிடம் நீட்டியபடியே உமைரா சொன்னார்.

“அது அவரு கண்டுபுடிச்சதுங்க சார்.”